பதினாலு வோல்ட் எங்கே போனது?

பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் ஹெட்லைட் பேச்சை எடுத்தால் போதும், "நூறு வாட்ஸ் பல்ப் போட்டுருங்க, பகல் மாதிரி இருக்கும்" என்று ஒருவராவது சொல்லிவிடுவார். 100/90 வாட் (பிரைட் 100, டிம் 90) எச் 4 ஹாலஜன் பல்ப் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. எதிரே வருகிறவன் கண்ணைப் பறிக்கும் என்பதெல்லாம் இருக்கட்டும். என் ஆட்சேபணை வேறு. வெளிச்சம் மங்கிப்போன பழைய வண்டியில் பெரும்பாலும் பல்ப் நன்றாகத்தான் இருக்கும். அதற்குப் போய்ச் சேர வேண்டிய வோல்டேஜ்தான் வழியில் எங்கேயோ தொலைந்திருக்கும். அந்த வழியைச் சரி செய்யாமல் பெரிய பல்ப்பை மாட்டினால் வெளிச்சம் கூடுவதைவிட சுவிட்ச் சூடேறுவதுதான் அதிகமாக இருக்கும்.

எங்கள் வீட்டு வண்டி ஒரு அம்பாசிடர் மார்க் 3. மாமனார் ஓட்டியது. அவருக்குக் கண் பார்வை குறைந்த பிறகு தேனிக்கு என்னிடம் வந்து சேர்ந்தது. மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014 வரைக்கும் அம்பாசிடர் செய்துகொண்டிருந்தார்கள். மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3. நடுவில் கிரில் மாறியது, எஞ்சின் மாறியது. ஆனால் பழைய மார்க்குகளின் வயரிங் ஐம்பதுகளின் இங்கிலாந்தை விட்டு அதிகம் நகரவில்லை. ஹெட்லைட்டுக்கு ரிலே, அதாவது சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச், கிடையாது. பேட்டரியிலிருந்து கிளம்பும் மொத்த கரண்டும் டேஷ்போர்டு சுவிட்சுக்குள் நுழைந்து, அங்கிருந்து கிளட்ச் பெடல் பக்கத்தில் தரையில் இருக்கும், டிம் பிரைட் மாற்றும் டிப்பர் சுவிட்சுக்கு இறங்கி, மறுபடி எஞ்சின் ரூமுக்குள் ஏறி, முன்னால் போய்த்தான் பல்ப்பை எரிக்க வேண்டும். பேட்டரியும் ஹெட்லைட்டும் ஒரே பானட்டுக்குக் கீழேதான் இருக்கின்றன. கரண்ட் மட்டும் ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிறது.

அந்தக் காலத்து 45/40 வாட் பல்ப்புக்கு இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது. எங்கள் வண்டியில் மாமனார் காலத்திலேயே பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்திருந்தார்கள், ஹெட்லைட் டூமையும் (ரிஃப்ளெக்டரும் கண்ணாடியும் சேர்ந்த கிண்ணம்) எச் 4 பல்ப் போடுகிற மாதிரி மாற்றியிருந்தார்கள். எச் 4 என்றால் பிரைட் 60 வாட், டிம் 55 வாட். வயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் சாரலும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டுமா.

நோய்க்குறி இப்படி. இரண்டு விளக்குமே மஞ்சள். அதிலும் இடது விளக்கு டிம்மில் போட்டால் சிவந்து கிடக்கும், தரையில் வெளிச்சமே விழாது. எஞ்சினை ரேஸ் செய்தால் வலது பக்கம் லேசாகக் கூடும், இடது அப்படியே இருக்கும். இதையெல்லாம்விட விசித்திரமானது ஒன்று: டிம்மில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீடோமீட்டருக்குள் பிரைட்டைக் காட்டுகிற குட்டி விளக்கு அரைகுறையாக எரியும். சபரிமலை சீசனில் குமுளி ரோட்டில் ராத்திரி ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எதிரே வரிசையாக வரும் பஸ்கள் ஒன்றும் டிம் அடிக்காது. அவர்கள் வெளிச்சத்தில் நம் வெளிச்சம் எங்கே விழுகிறது என்றே தெரியாமல், ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

முதலில் ஒரு எலக்ட்ரீசியன் கடையில் காட்டினேன். கடைப் பையன் ஹோல்டரைக் கழற்றி டெஸ்ட் லாம்ப்பை வைத்துப் பார்த்தான். பளிச்சென்று எரிந்தது. "கரண்ட் நல்லா வருதுங்க சார், பல்ப்தான் வீக்" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை, ஆனால் அரை உண்மை. டெஸ்ட் லாம்ப்பில் இருப்பது 5 வாட் பல்ப்; அது இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. ஹெட்லைட் டிம்மில் நாலரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வழியில் அரை ஓம் தடை இருந்தால் டெஸ்ட் லாம்ப்புக்கு 0.2 வோல்ட்தான் குறையும், கண்ணுக்கே தெரியாது. அதே அரை ஓம் ஹெட்லைட்டுக்கு இரண்டு வோல்ட் பக்கம் தின்றுவிடும். ஹோல்டரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பதும் இதே கதைதான். வேலை செய்யாமல் சும்மா இருக்கும் வயர் எப்போதும் 12 வோல்ட் காட்டும். பல்ப்பை எரியவிட்டு, ஹோல்டரைப் பிடுங்காமல், பின்பக்கமாக முள்ளைச் செருகித்தான் அளக்க வேண்டும்.

அந்தக் கடைக்காரர் வந்ததும் காட்சி மாறியது. வயதானவர், அம்பாசிடர் டாக்ஸிகள் வரிசை கட்டி நின்ற காலத்திலிருந்து இதே வேலை. குட்டி விளக்கு அரைகுறையாக எரிவதைச் சொன்னதும் பையனைக் கூப்பிட்டார். "ஏப்பா, எர்த் அடிக்கல. ஒரு வயரு கொண்டா." எர்த் என்றால் கரண்ட் வண்டியின் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி. பேட்டரியின் நெகட்டிவில் ஒரு நீள வயரின் நுனியைச் சொருகினார். மறு நுனியை இடது ஹெட்லைட்டின் கறுப்பு வயரில் வைத்தார். சிவந்து கிடந்த விளக்கு ஒரே தாவாகத் தாவி எரிந்தது. டேஷ்போர்டில் குட்டி விளக்கு அணைந்தது.

"பாத்தீங்களா தம்பி? போறதுக்கு வழி இருக்கு, திரும்பி வர வழி இல்ல."

"டிம்முல போட்டா பிரைட்டு இண்டிகேட்டர் ஏண்ணே எரியுது?"

"அது சுத்தி வருது" என்றார். அவ்வளவுதான் விளக்கம். ஆனால் அது சரியான விளக்கம்.

எச் 4 பல்ப்புக்குள் இரண்டு இழைகள், வெளியே மூன்று கால்கள். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக எர்த் ஒன்று. எர்த் நன்றாக இருந்தால் டிம் இழை வழியாக வந்த கரண்ட் நேரே பாடிக்கு இறங்கிவிடும். தெருவில் கல்யாணப் பந்தல் போட்டு அடைத்துவிட்டால் அடுத்த வீட்டுக் கொல்லை வழியாக ஆட்கள் போவார்கள் இல்லையா, எர்த் விட்டுப்போனால் கரண்டும் அப்படித்தான். டிம் இழையில் வந்தது எர்த் காலில் இறங்க முடியாமல் அதே பல்ப்பின் பிரைட் இழைக்குள் தலைகீழாக ஏறுகிறது, அங்கிருந்து பிரைட் வயரைப் பிடித்து வலது ஹெட்லைட்டின் பிரைட் இழைக்குப் போய், வலது பக்கத்து எர்த்தில் இறங்குகிறது. ஸ்பீடோமீட்டர் குட்டி விளக்கும் அதே பிரைட் வயரில்தான் தொங்குகிறது, அதற்கும் கொஞ்சம் கிடைக்கிறது. இத்தனை பேர் பங்கு போட்டுக்கொண்டால் யாருக்கும் முழு வோல்டேஜ் இல்லை. டிம்மில் பிரைட் இண்டிகேட்டர் மினுங்குகிறதா, ஒரு பக்க விளக்கு சிவக்கிறதா, எர்த்தைப் பார்த்துவிட்டு மற்றதைப் பாருங்கள். அம்பாசிடர் மட்டுமல்ல, எர்த் பொதுவாக உள்ள எந்தப் பழைய வண்டிக்கும் இது பொருந்தும். சில ஜப்பானிய வடிவமைப்புகளில் பாசிட்டிவ் பொதுவாக இருக்கும், சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும். அங்கே எல்லாவற்றையும் தலைகீழாக யோசிக்க வேண்டும்.

கையில் மீட்டர் இருந்ததால் அந்த எர்த் வயரை எடுத்துவிட்டு, பல்ப்பின் எர்த் காலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்து பார்த்தேன். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டிய இடம். ஐந்து வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

காரணம் மட்கார்டுக்குள் இருந்தது. கறுப்பு வயரின் லக், அதாவது நுனியில் அடிக்கும் செம்பு வளையம், ஒரு ஸ்க்ரூவில் பாடியோடு முறுக்கப்பட்டிருந்தது. ஸ்க்ரூவைக் கழற்றினால் லக்கின் செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. அதற்குக் கீழே தகரமே தெரியவில்லை. பிரைமர், அதன் மேல் வெள்ளைப் பெயின்ட், அதன் மேல் லக். எப்போதோ டிங்கரிங், பெயின்டிங் முடித்தவர்கள் அழகாக அடித்துவிட்டு அதன் மேலேயே முறுக்கியிருக்கிறார்கள். ஸ்க்ரூவின் மரை ஓரத்தில் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச இடத்தில்தான் இவ்வளவு நாள் விளக்கு எரிந்திருக்கிறது. மரையிலும் துரு ஏறியதும் அதுவும் போயிற்று. எமரி பேப்பரால் தகரம் பளபளக்கும்வரை தேய்த்து, புது லக் அடித்து, முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினார். வாசலினை முறுக்குவதற்கு முன்னால் அப்புகிற ஆட்களும் உண்டு. நான் முறுக்கிய பிறகு தடவும் கட்சி.

வெள்ளை பெயின்ட் அடித்த அழகான பழைய வண்டிகளைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் முதலில் தோன்றுவது, இதில் எத்தனை எர்த் செத்துக் கிடக்கிறதோ என்பதுதான்.

சரி, இடது விளக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சுவரில் அடித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை. இடது கூடியிருந்தது, வலது முன்பைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தது! கண் மயக்கமில்லை. இதுவரை இடது பல்ப் பேருக்குத்தான் கரண்ட் இழுத்தது. இப்போது அதுவும் தன் பங்கை முழுசாக இழுக்கிறது. இரண்டு பேருக்கும் வருவது ஒரே சுவிட்ச், ஒரே வயர். அந்தப் பொது வழியில் குறை இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மகளை ஆக்ஸிலேட்டரில் லேசாகக் கால் வைக்கச் சொல்லி பேட்டரியில் அளந்தேன்: 13.9 வோல்ட். ஆல்டர்னேட்டரில் குறையில்லை, 13.8-லிருந்து 14.4 வரைக்கும் இருந்தால் நல்லதுதான். பல்ப்பின் கால்களுக்கு நடுவே அளந்தால் 11.3. எர்த் பக்கம் போனது 0.1 மட்டும். மிச்சம் இரண்டரை வோல்ட் பாசிட்டிவ் வழியில் காணாமல் போயிருந்தது.

இரண்டரை வோல்ட் என்றால் அலட்சியமாகத் தோன்றும். பதினாலில் இரண்டரைதானே, வெளிச்சமும் ஆறில் ஒரு பங்கு குறையும் என்று நினைப்போம். ஆனால் இழை பல்ப்பின் கணக்கு அப்படி நேர்கோட்டில் போவதில்லை. வோல்டேஜ் குறையும்போது வெளிச்சம் ஏறத்தாழ அதன் 3.4-ஆம் அடுக்கில் விழுகிறது. ஐரோப்பியத் தரத்தில் எச் 4 பல்ப்பின் வெளிச்சத்தை 13.2 வோல்ட்டில் வைத்து அளக்கிறார்கள். அதில் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் எழுபது சதவீதத்துக்கு வந்துவிடும். 11.3 வோல்ட்டில் அறுபதுக்கும் கொஞ்சம் கீழே. பத்தரை வோல்ட்டில் பாதிகூட இல்லை. இழையின் சூடு குறைவதால் நிறமும் மஞ்சளாகிறது. வெளிச்சம் மஞ்சளாகத் தெரிந்தால் பல்ப் கிழடாகிவிட்டது என்று நினைக்கிறோம். பாவம், அது பட்டினி கிடக்கிறது.

இனி அந்த இரண்டரை எங்கே என்று தேட வேண்டும். இதுதான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த கட்டம். மீட்டரின் ஒரு முள்ளை ஒரு சாமானின் உள்ளே வரும் வயரிலும், மற்றொன்றை வெளியே போகும் வயரிலும் வைத்தால், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது அந்தச் சாமான் எவ்வளவு தின்கிறது என்று நேராகக் காட்டிவிடும். எதையும் பிரிக்க வேண்டியதில்லை. நல்ல சுவிட்ச் என்றால் 0.1 வோல்ட் அளவில் இருக்கும்.

டேஷ்போர்டு சுவிட்சில் 0.6. டிப்பர் சுவிட்சில் 0.9. கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் கனெக்டர்களில் 0.4. மிச்சம் வயர்களின் நீளத்திலேயே போயிற்று.

டிப்பர் சுவிட்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காலால் மிதித்து டிம், பிரைட் மாற்றும் ஏற்பாடு ஓட்டுவதற்கு அருமையானது, கை ஸ்டியரிங்கை விட வேண்டாம். ஆனால் வண்டியிலேயே அதிக அழுக்கும் ஈரமும் சேரும் இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தார்கள். மழைக்காலத்தில் செருப்புத் தண்ணீர் எல்லாம் கால்மிதிக்குக் கீழே இறங்கி அங்கேதான் நிற்கும். எங்களுடையதைக் கழற்றியபோது உள்ளிருந்து ஈரமணல் உதிர்ந்தது. அடிப்பக்கத்துக் கால்களில் ஒன்றைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி, வயரின் ரப்பர் உறை கருகி உடைந்து வந்தது. இரண்டரை வோல்ட்டை இரண்டு விளக்கும் சேர்ந்து இழுக்கும் ஒன்பது ஆம்பியரால் பெருக்கினால் இருபது வாட்டுக்கு மேல். அத்தனையும் ரோட்டுக்குப் போக வேண்டிய வெளிச்சம். சுவிட்சையும் வயரையும் சூடாக்கிக்கொண்டு இருந்திருக்கிறது.

நூறு வாட்ஸ் யோசனையை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்பது ஆம்பியர் ஓடும்போது இரண்டரை வோல்ட் தின்னும் வழியில் பதினைந்து ஆம்பியரை ஓட்டினால் நாலு வோல்ட்டுக்கு மேல் போகும். பல்ப்புக்குப் பத்து வோல்ட்கூடத் தேறாது. சுவிட்சுகளிலும் வயரிலுமாக அறுபது வாட் சூடு. கூடவே இன்னொன்று: அந்தக் காலத்து பிரிட்டிஷ் வழி வயரிங்கில் ஹெட்லைட் லைனுக்கு பியூஸே வைக்க மாட்டார்கள். பியூஸ் போய் திடீரென்று இருட்டிவிடக் கூடாது என்ற எண்ணம். ஆகவே உருகுவது பியூஸாக இருக்காது.

வழியை ரிப்பேர் செய்துகொண்டே இருக்கலாம், அல்லது வழியையே மாற்றலாம். ரிலே வைப்பது இரண்டாவது வகை. பேட்டரியிலிருந்து நேராக ஒரு தடித்த வயர், ரிலே வழியாக, அப்படியே பல்ப்புக்கு. பழைய சுவிட்சும் டிப்பரும் ரிலேக்குள் இருக்கும் காயிலை (கம்பிச்சுருளை) மட்டும் இழுத்தால் போதும், அதற்கு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே. அடியில் நம்பர் போட்டிருக்கும்: 30-இல் பேட்டரி வயர், 87-இல் பல்ப்புக்குப் போகும் வயர், 85, 86 இரண்டும் காயில். கடையில் சில சமயம் ஐந்து கால் ரிலேயை எடுத்துக் கொடுத்து இதுவும் அதேதான் என்பார்கள். அதில் நடுவே 87ஏ என்று ஒரு கால் உண்டு, அது ரிலே அணைந்திருக்கும்போது கரண்ட் தரும் கால். அதில் தெரியாமல் மாட்டினால் சுவிட்சை அணைத்ததும் ஹெட்லைட் எரிய ஆரம்பிக்கும்.

மறுபடி அந்த அண்ணன் கடைக்குத்தான் போனேன். வயர் நிறத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்குப் புத்தகம் வேண்டாம். "நீலத்துல வெள்ளக் கோடு பிரைட்டு, நீலத்துல செவப்புக் கோடு டிம்மு, அம்பாசிடர்னா அப்படித்தான்." இங்கிலாந்தில் மோரிஸ், ஆஸ்டின் வண்டிகளுக்கு வைத்த அதே நிறக் கணக்கு. என்ன, எங்கள் வண்டியில் நீலத்தில் சிவப்பு பாதி வழியில் டேப் சுற்றிய ஒரு முடிச்சுக்குள் நுழைந்து, முழு மஞ்சளாக வெளியே வந்தது. முடிச்சைப் பிரித்தால் வெறுமனே முறுக்கிய இரண்டு வயர், ஈயம்கூட வைக்கவில்லை.

2.5 ஸ்கொயர் எம்எம் வயர் போட்டோம். பேட்டரியிலிருந்து கிளம்பும் இடத்திலேயே, ஒரு சாண் தள்ளி, டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனியாக 15 ஆம்பியர் பியூஸ். பியூஸை ரிலேக்குப் பக்கத்தில் வைக்கலாமே என்றார். பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவே உள்ள வயர் பாடியில் உரசினால் காப்பாற்ற ஒன்றுமில்லையே என்றேன். யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்று மாற்றிக் கொடுத்தார். இரண்டு எர்த்தையும் பாடியை நம்பாமல் வயராகவே பேட்டரிக்குக் கொண்டுவந்தோம். பழுப்பேறிய பிளாஸ்டிக் ஹோல்டர்களைத் தூக்கிப் போட்டுவிட்டு பீங்கான் ஹோல்டர். டூமுக்குப் பின்னால் காணாமல் போயிருந்த ரப்பர் மூடியும் புதுசு. அது இல்லாமல் மழைத்தண்ணீர் ரிஃப்ளெக்டருக்குள் போய்க்கொண்டிருந்தது.

அதே பழைய பல்ப். 13.9 வோல்ட் பேட்டரியில், 13.4 பல்ப்பில். வெள்ளையாக எரிந்தது.

இதோடு வேலை முடியவில்லை, ஆனால் மிச்சமெல்லாம் சின்ன வேலை. வலது டூமில் வெள்ளிப் பூச்சு கீழ்ப்பாதியில் கறுத்திருந்தது. ரிஃப்ளெக்டர் போய்விட்டால் எத்தனை வோல்ட் கொடுத்தும் பிரயோஜனமில்லை, மாற்றிவிட்டேன். டூம் வாங்கும்போது இடதுபுறம் ஓட்டும் நாட்டுக்கான கண்ணாடிதானா என்று பார்க்க வேண்டும். நம் ஊருக்கு டிம் வெளிச்சம் இடது பக்கம் ஏறிப்போக வேண்டும், ரோட்டோரத்தைக் காட்ட. வலதுபுறம் ஓட்டும் நாட்டுக் கண்ணாடியை ஆன்லைனில் மலிவாக வாங்கி மாட்டினால் அது எதிரே வருபவன் முகத்துக்கு ஏறும். டூமை மாற்றினால் உயரத்தையும் சரி பார்த்துவிடுவது நல்லது. சமதரையில் சுவருக்கு எதிரே நிறுத்தி, டிம்மின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்துக்குச் சற்றுக் கீழே விழுகிறதா என்று பார்த்தால் போதும். எச் 4 பல்ப்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் எல்லோரும் தொடுகிறார்கள். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் வைத்துத் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

இவ்வளவு எதற்கு, எல்இடி பல்ப் போட்டால் கரண்டும் குறைவு வெளிச்சமும் வெள்ளை என்று மைத்துனர் கேட்டார். இழை பல்ப்புக்காக வளைத்த ரிஃப்ளெக்டரில் எல்இடியைச் செருகினால் வெளிச்சம் எங்கெங்கோ சிதறும். எதிரே வருபவர்கள் ஏசுவார்கள், நமக்குத் தூரத்தில் ஒன்றும் தெரியாது. கருகிய வயர் கருகியபடியே உள்ளே கிடக்கும் என்பதைத்தான் அவரிடம் அழுத்திச் சொன்னேன். அவர் போட்டுக்கொண்டார், அவர் வண்டி.

வழியில் எப்போதாவது டிம் ரிலே போய்விட்டால் பிரைட் ரிலேயைப் பிடுங்கி அந்த இடத்தில் சொருகி வீடு வந்து சேரலாம். அதற்காகவே இரண்டையும் ஒரே மாதிரி வாங்கி, டார்ச் வெளிச்சத்தில் கை எட்டும் இடமாகப் பார்த்து, பானட்டைத் தூக்கியதும் வலது பக்கம் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. டேஷ்போர்டு பெட்டியில் 15 ஆம்பியர் பியூஸ் நாலைந்தும் பழைய டிப்பர் சுவிட்சும் கிடக்கின்றன. டிப்பரை மட்டும் மணலைத் தட்டி, காலைத் தேய்த்து வைத்திருக்கிறேன்; புதுசாகப் போட்டதன் மிதி கொஞ்சம் கடினம், பிடிக்கவில்லை.